முன்னறையில் ஒரு பெட்டி

அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு மாடியறைக்குப் போன ஐல்சாவின் கை பட்டு, மேசைமேல் இருந்த கணினி விழித்துக்கொண்டது. திரையில் இந்த வீடே கோடுகளாகத் தெரிந்தது.

ஒரு கணினி மொழியில் படம் வரைய உதவும் நிரல் தொகுப்பு ஒன்றை அப்பா அலிஸ்டர் பதினொரு வருடமாக எழுதிவந்தார். அதைச் சோதித்துப் பார்க்க அவருக்கு வாய்த்த பலியாடு டனீடன் ஊரில் இருக்கும் இந்த வீடுதான். அதில் மேசைக்குத் தன்னை வரைந்துகொள்ளத் தெரியும், நாற்காலிக்கு நாற்காலியை. உள்ளே இருக்கும் நிரல் எதையும் தொடாமல் யார் வேண்டுமானாலும் புதிய உருவம் ஒன்றைச் சேர்க்கலாம். அந்த ஒரு விஷயத்தில்தான் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

முன்னறையின் படத்தில் நீளமாக ஒரு பெட்டி இருந்தது. கீழே சவப்பெட்டி இருக்கும் அதே இடம், அதே ஜன்னல் பக்கம். சேர்த்த நேரம் இன்று காலை ஐந்து நாற்பது. அப்பா செவ்வாய்க்கிழமையே போய்விட்டார், இன்று வெள்ளி. மாடிப்படியிலிருந்து அப்பாவோடு வேலை செய்த செமிசியைக் கூப்பிட்டாள்.

"நீங்க ஏதாவது சேத்தீங்களா?"

"நான் இன்வர்கார்கில்லேர்ந்து வந்ததே ஒம்பது மணிக்கு." குனிந்து பார்த்தார். "இது யாரோ புதுசு. அகலம் ரெண்டு மடங்கா வந்திருக்கு பாரு. உங்கப்பாவோட கிறுக்கு விதி அது. நீளத்த முழுசா கேப்பான், அகலத்துக்குப் பாதிதான் கேப்பான். எல்லாரும் மொத தடவ முழுசா குடுத்துட்டு முழிப்பாங்க. நானும் முழிச்சேன்."

"அப்ப எழுதினது யாரு?"

வீட்டில் இரவு தங்கியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி ஐல்சா.

அம்மா ரோனா சமையலறையில் ஹாம் சான்ட்விச்சுகளின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் திரைச்சீலை தைத்தவள். கணினி என்றால் அவளுக்குத் தூசி தட்டும் பொருள்.

"அம்மா, மேல அந்தப் பெட்டி..."

"நான்தான் போட்டேன். எனக்காகவே ஒரு தாள்ல எழுதி வெச்சிருந்தார், ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு. உனக்குக்கூட முடியும் ரோனான்னு கேலி பண்ணுவார். முடிஞ்சுது."

ஐல்சாவுக்கு மூச்சு வந்தது. பேய் இல்லை, அம்மா. சிரிப்புக்கூட வந்தது.

"அகலத்துலதான் கோட்ட விட்டுட்டே. அதுக்குப் பாதி அளவுதான் குடுக்கணும். செமிசி திருத்திடறேங்கறார்."

"தொட வேணாம்னு சொல்லு."

"தப்பா இருக்கும்மா."

"விதியும் தாள்ல இருந்துச்சுடி. அவர் ஒருத்தருக்குன்னா முப்பது." ரோனா ஓரங்களைக் கூட்டி வாளியில் போட்டாள். "நான் ரெண்டு பேருக்கு அறுபது போட்டேன். அளந்துதான் போட்டேன்."

கத்தியைக் கழுவித் துடைத்து இழுப்பறைக்குள் வைத்தாள். சான்ட்விச் தட்டை ஐல்சாவிடம் நீட்டினாள். "ஆளுங்க வந்துடுவாங்க, எடுத்துட்டுப் போ."

ஐல்சா தட்டை வாங்கவில்லை. அம்மாவின் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு மணிக்குப் பெட்டியை மூடினார்கள், தூக்கினார்கள், வாசலில் கறுப்பு வண்டி கிளம்பியது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கை கொடுக்க வந்தார்கள். ஐல்சா பிடியை விடவேயில்லை; ரோனா இடது கையைத்தான் நீட்ட வேண்டியிருந்தது.