கோலில் வெட்டிய கோடு

மரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியும் அளவுக்கு விடிந்ததும், ஹார்லன் பழக்கப்படி துப்பாக்கியின் அடியில் சொருகியிருந்த கோலை உருவிக் குழலுக்குள் இறக்கினார். அந்தக் கோலில் கத்தியால் வெட்டிய கோடு ஒன்று உண்டு. வெடிமருந்தும் குண்டும் குழல் வாய் வழியே ஒழுங்காக இறங்கியிருந்தால் கோடு குழல் வாயோடு சமமாக நிற்கும்.

நிற்கவில்லை. ஒரு விரல் அகலம் மேலே நின்றது.

கோலை அழுத்தினார். அசையவில்லை. வெளியே எடுத்துத் துடைத்து மறுபடியும் இறக்கினார். அதே ஒரு விரல்.

மருந்தைக் கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் குண்டு மருந்தின் மேல் உட்காராமல் நடுவில் நின்றிருக்க வேண்டும். நடுவில் நின்ற குண்டோடு சுட்டால் குழல் வெடிக்கும், கன்னத்துக்குப் பக்கத்திலேயே.

விடியுமுன் வண்டியின் பின்பக்கம் நின்று துப்பாக்கியைக் கெட்டித்ததை நினைத்துப் பார்த்தார். மருந்து நிரப்பிய மாட்டுக்கொம்பிலிருந்து அது அளவுக் குப்பிக்குள் விழுகிறது. குழலுக்குள் கொட்டுகிறார். நெய் தடவிய துணி, அதன் மேல் ஈயக் குண்டு. கோலால் கீழே தள்ளுகிறார். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. மருந்தின் பளபளப்புகூடத் தெரிந்தது. அதுதான் உதைத்தது. அப்போது வெளிச்சமே இல்லை, கை நிதானத்தில்தான் கெட்டித்தார். அப்படியானால் இப்போது மனதில் ஓடுவது எந்த நாளின் காலை? போன வாரமா? அதற்கு முந்தைய வருஷமா?

நவம்பரில் அடுப்பை அணைக்காமல் தூங்கிப்போனார். திரைச்சீலை கருகியது. மகள் ஹைடி கத்தவில்லை. "இன்னொரு தடவ இந்த மாதிரி ஏதாவது ஆச்சுன்னா, துப்பாக்கியெல்லாம் என் வீட்டுக்கு வந்துடணும்ப்பா" என்றாள். அவர் சரி என்றார். பிறகு அவள் தன் தாய்மாமன் எமரியைத் தனியே கூப்பிட்டு, "கூடப் போறவர் நீங்கதான் மாமா. உண்மையச் சொல்லணும்" என்றது கதவு வழியே கேட்டது.

பென்சில்வேனியாவின் அந்த மலையில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு மான் வேட்டையில் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகளுக்கு மட்டும்தான் அனுமதி. இன்று கடைசி நாள். எமரி சரிவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

ஹார்லன் நேற்று மாலையிலிருந்து தொடங்கிப் பார்த்தார். அடிமரம் ஒன்றில் சுட்டுத் துப்பாக்கியைக் காலி செய்தது. வீட்டுக்கு வந்தது. வாளியில் சோப்புப் போட்ட வெந்நீர். குழலின் அடியை அதில் வைத்துத் துணியை மேலும் கீழும் இழுக்க இழுக்கத் தண்ணீர் கறுத்தது. எமரி வழக்கமாகச் சொல்லும் கோவேறுகழுதைக் கதையை மறுபடியும் சொன்னார். கோல்கள் இரண்டும் கதவோரம் சாய்ந்திருந்தன. அப்புறம் என்ன சாப்பிட்டோம்? பிடிபடவில்லை. விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பெண்மான் வந்தது. முதுகில் பனி. அவசரமே இல்லாமல் வெட்டவெளியில் வந்து நின்றது.

குழலோரக் கிண்ணத்தில் பற்றவைக்கும் பொடி உலர்ந்திருந்தது. கல் கூராக இருந்தது. கன்னத்தைக் கட்டையில் பதித்தார். குறி நேராக விழுந்தது. விரல் விசைக்குப் போனது.

குண்டு எங்கே இருக்கிறது?

சந்தேகத்தோடு விசையை இழுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கல்லைப் பிடித்திருந்த சுத்தியலை மெல்ல இறக்கினார். மான் எமரி இருந்த பக்கம் இறங்கிப் போனது. வெடிச்சத்தத்துக்குக் காத்திருந்தார்.

சத்தம் வரவே இல்லை.

மதியம் இருவரும் வண்டியருகே ரொட்டியும் உப்புக்கறியும் தின்றார்கள்.

"என்ன மச்சான், மான் உன் மடியில வந்து உக்காரல, அவ்வளவுதான். சுடலியே?" என்றார் எமரி.

"கிளை மறைச்சுது."

"அங்க ஏது கிளை? மொட்டை வெளி."

"உன் பக்கம்தானே இறங்குச்சு. நீ ஏன் சுடல?"

எமரி தேவைக்கு அதிகமாகவே மென்றார். "எனக்கும் கிளைதான்."

ஹார்லன் ரொட்டியைத் திரும்பச் சுற்றி வைத்தார். எப்படியும் ஹைடிக்குப் போகப் போகிற சேதி. தன் வாயாலேயே போகட்டும்.

"எமரி, என் கோடு மேல நிக்குது."

"எவ்வளவு?"

"ஒரு விரல்."

எமரி தன் துப்பாக்கியை எடுத்து வந்து கோலை இறக்கினார். கோடு கண்ணுக்கே தெரியவில்லை. குழலுக்குள் முங்கியிருந்தது.

"காலைலேர்ந்து பாத்துட்டிருக்கேன். மருந்தைக் கம்மியாப் போட்டனா, இருட்டுல கீழ கொட்டிட்டனா, ஒண்ணுமே புரியல. சொன்னா நீ ஹைடிகிட்டப் போட்டுக் குடுத்துடுவேன்னு வாயத் திறக்கல."

"நானா? நீதானே என்னை வேவு பாக்கிறவன்?"

"உன்னைப் பாத்துக்கச் சொல்லி ஹைடி சொன்னது உண்மைதான். என்னைப் பாக்கச் சொல்லி உன்கிட்டச் சொல்லலையா?"

"இல்லையே."

"அடக் கடவுளே! சும்மாவே பயந்து செத்திருக்கேன்."

ஹார்லன் இரண்டு துப்பாக்கிகளையும் பார்த்தார். ஒரே குளிர்காலத்தில், ஒரே கடையில் உதிரிகளாக வாங்கி, ஒரே மேசையில் வைத்து இருவரும் பூட்டியவை. குழல் நீளம் ஒன்று. கோல்கள்கூட ஒரே ஹிக்கரி மரக் கட்டையில் சீவியவை. எமரி மருந்தைக் கொஞ்சம் குறைவாகப் போடுவார்; அதனால் கோடு வெட்டிய இடம் மட்டும்தான் வித்தியாசம்.

"கஞ்சப்பயலே, அந்தக் கோலை இங்க குடு."

மாற்றி இறக்கினார்கள். இரண்டு கோடுகளும் இரண்டு குழல் வாய்களோடு சமமாக நின்றன.

எமரி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடியும் சிரிப்பானது. அடங்கியதும் கேட்டார்: "யாரு மாத்தினது?"

"கதவோரத்துலேர்ந்து நீதான் எடுத்து வந்திருப்ப."

"நான் தொடவே இல்ல. காலைல துப்பாக்கில சொருகியே இருந்துச்சு."

"நான் சொருகல."

"நானும் சொருகல."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாலைவரை வேறு மான் வரவில்லை. மண்மேட்டில் சுட்டுத் துப்பாக்கிகளைக் காலி செய்தார்கள். இரண்டும் ஒழுங்காக வெடித்தன.

சமையலறையில் வெந்நீரும் வாளியுமாக இருந்தபோது ஹைடி உள்ளே வந்தாள். அப்பா அங்கே இல்லாத மாதிரி எமரியிடம் கேட்டாள்.

"எப்படி மாமா? ஏதாவது...?"

"ஒரு குறையும் இல்ல. கோல் ரெண்டும் மாறிப்போயிருந்துச்சு. கண்டுபிடிச்சதே உங்கப்பாதான். நானெல்லாம் என் மூளைதான் கழண்டுபோச்சுன்னு உக்காந்திருந்தேன்."

ஹைடி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ, அது நான்தான். நேத்து தரை துடைக்கிறப்ப வழியில நின்னுச்சேன்னு ரெண்டையும் எடுத்துச் சொருகினேன். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு!"

"நான் எங்க போயிருந்தேன்?" என்று கேட்டார் எமரி.

"நீங்க விறகு எடுக்கப் போயிருந்தீங்க. அப்பாகிட்டச் சொல்லிட்டுத்தானே சொருகினேன். தலையாட்டினாரே."

"நீ வெச்ச சூப்பு மயக்கத்துல ஆட்டியிருப்பாரு" என்றார் எமரி.

"ரெண்டு கிண்ணம் குடிச்சாரு. எங்கம்மா கைப்பக்குவம்னு வேற சொன்னாரு."

குழலுக்குள் துணியை இழுத்துக்கொண்டிருந்த ஹார்லனின் கை நின்றது. நேற்றைய சமையலறைக்குள் போய்த் தேடினார். வாளி இருந்தது. கறுத்த தண்ணீர் இருந்தது. எமரியும் கோவேறுகழுதையும் இருந்தார்கள். ஹைடி இருந்திருக்க வேண்டிய எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

"சரிப்பா, நான் பயந்ததுதான் மிச்சம்" என்றாள் ஹைடி. "துப்பாக்கி இங்கேயே இருக்கட்டும்."

ஹார்லன் குழலுக்கே திரும்பினார். துணி வெள்ளையாக வரும்வரை இழுத்தார். உலர்ந்த துணியால் ஒருமுறை, எண்ணெய்த் துணியால் ஒருமுறை. கோலை இறக்கிக் குழல் காலி என்று பார்த்தார். தன் கோல்தானா என்று இன்னொரு முறை பார்த்தார். பிறகு துப்பாக்கியை மேசைமேல், கட்டை மகள் பக்கம் இருக்கும்படி வைத்தார்.

"உன் வண்டில எடுத்து வெச்சுக்கோ."

"ஏம்ப்பா? நீங்கதான் ஒண்ணும் மறக்கலையே."

ஹார்லன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அது என்ன சூப்பு?" என்றார்.