எதிரிகள்: மிக எளிது

நேற்று நடந்ததை வரிசையாக எழுதினால், எந்த இடத்தில் தவறினேன் என்று எனக்கே தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன். சரியாக எழுதுவேனா என்பதும் சந்தேகம்தான்.

தை மாதம் கச்சிராயபாளையம் பக்கத்து வெல்ல ஆலையில் இயந்திரத்துக்குக் கரும்பு கொடுக்கும்போது அண்ணன் பிரவீன்குமாரின் வலது கை உருளையில் சிக்கியது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அதற்கு முன் எங்கள் தெரு ஆட்களின் கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டைக் குழுவில் அவன்தான் முன்னால் போகிறவன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவன் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. குழுத் தலைவன் செழியனிடம், "என் எடத்துல வேற ஆள போட்டுட்டீங்களா?" என்றுதான் கேட்டான்.

மவுசை இனி அவனால் அழுத்த முடியாது. செழியன் இரு கையிலும் பிடித்து ஆடும் தன் பழைய கேம்பேடைக் கொடுத்து, ஒரு மாதம் பழகிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டம் ஆடட்டும், அதன்பிறகு பார்க்கலாம் என்றான்.

எனக்குப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினி இருந்தது. கேம்பேடைச் செருகினேன். கணினி அதை அறிந்துகொண்டது, விளையாட்டு அறியவில்லை. நான் போகும் மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் தனசேகரன் சாரிடம் கேட்டு, இடையில் ஒரு சின்ன மென்பொருளைப் போட்டதும் அறிந்தது. சுடுவது வழக்கமாக வலது ஆட்காட்டி விரல் அழுத்தும் டிரிக்கரில் இருக்கும். அதை இடது டிரிக்கருக்கு மாற்றினேன். குறிபார்ப்பது அதற்கு மேலுள்ள பொத்தான். வலது கட்டைவிரலுக்குத் திரும்பிப் பார்க்கும் குச்சி மட்டும். அந்தக் குச்சி தேய்ந்திருந்ததால் தொடாமலேயே பார்வை மெல்ல மேலே ஏறியது. சின்ன அசைவுகளைக் கணக்கில் கொள்ளாதபடி அளவை ஐந்திலிருந்து பன்னிரண்டுக்கு ஏற்றினேன், நின்றது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். எழுதாவிட்டால் எனக்கு நம்பிக்கை வராது.

தினமும் காலையில், நான் கள்ளக்குறிச்சி துணிக்கடைக்குப் பஸ் ஏறும் முன், அவன் கணினியே ஆட்டுவிக்கும் எதிரிகளோடு ஆடிப் பழகினான். முதல் வாரம் தோற்றுக்கொண்டே இருந்தான். ஒவ்வோர் ஆட்டத்திலும் எத்தனை பேரைச் சுட்டான் என்பதையும் நோட்டில் எழுதினேன். ஒரு நாள் கேம்பேடைப் பாயில் வீசிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

அம்மா கரும்பு வெட்டப் போகிறவள். என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டாள்.

"மொதமொதல்ல அவன் வெட்ட வந்தப்போ அவன் வரிசைல பாதிய நான்தான் வெட்டிக்கினு வந்தன். இன்னிக்கும் அவனுக்குத் தெரியாது. அந்த தைரியத்துலதான் வேல கத்துக்கினான். நீயும் இன்னாவது பண்ணு."

மறுநாள் அவன் எழுந்திருக்கும் முன் எதிரிகளின் நிலையை மிக எளிது என்று மாற்றினேன். அதையும் தேதியோடு எழுதினேன். அண்ணன் ஜெயித்தான். மூன்று வாரம் ஜெயித்தான். அம்மா ஊட்ட வந்தால் தட்டைப் பிடுங்கி இடது கையால் தானே சாப்பிட்டான். இப்படியே இருக்கட்டும் என்று நான் விட்டேன்.

நேற்று செழியன் வீட்டில் ஆட்டம். எதிரில் எலவனாசூர்கோட்டை ஆட்கள். அண்ணன் பதினொரு முறை செத்தான். ஒருவனையும் சுடவில்லை.

"இன்னா பிரவீனு, சுடாம கைய தூக்கிக்கினு ஓட்டு கேக்கவா போற?" என்றான் எங்கள் குழுவில் ஆடும் தங்கதுரை. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள். நெட் மெதுவாக இருக்கிறது என்று நான் சொன்னேன். அது இரண்டாவது பொய்.

வீட்டுக்கு வந்ததும் செட்டிங்கில் ஏதோ தப்பு இருக்கிறது என்று சொல்லி நோட்டைக் கேட்டான். நோட்டு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை, எடுத்துக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

"மூணு வாரமா?"

"ஆமாண்ணா."

"துணி அளக்கறப்போ கம்மியா அளந்தா உனக்குக் கோவம் வரும்னு சொல்லுவியே."

நான் அழுதேன். அவன் திட்டவில்லை. முதல் வாரப் பக்கத்துக்குத் திருப்பி என் முன்னால் வைத்தான்.

"நீ கை வைக்கறதுக்கு மின்ன, ஒரு ஆட்டத்துல எத்தன பேர சுட்டன்?"

"ரெண்டு பேரு."

"அது என்னுதுதான?"

"உன்னுதுதாண்ணா."

"அப்பிடியே வுட்டிருந்தா இந்நேரம் நாலு பேராவது வந்திருக்கும்."

வந்திருக்கும் என்று சொல்வதா, தெரியாது என்று சொல்வதா? இப்போதும் தெரியவில்லை. அவன் வயரை இடது கையால் கேம்பேடைச் சுற்றிச் சுற்றினான். இரண்டு முறை நழுவியது. நான் கை நீட்டினேன். அவன் என்னைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டேன். சுற்றி முடித்து, செழியனிடம் கொடுக்கப் புறப்பட்டான்.

இன்று காலை, அண்ணன் இடத்துக்கு எங்கள் தெருக் கலையரசனைச் சேர்த்துவிட்டதாகச் செழியனின் தங்கை பஸ்ஸில் சொன்னாள். அண்ணன் கேம்பேடைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டானாம்.

வகுப்பு முடிந்து வந்து எதிரிகளின் நிலையைப் பழையபடி மாற்றினேன். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வீட்டில் கேம்பேட் இல்லை.