ஒரு ஆள் நிற்கிற பலகை

என் வீட்டுக்காரர் கமலக்கண்ணனுக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுவது என்றாலே ஆகாது. சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. அத்தனை பெரிய பிரஸ் மெஷினையே ஓட வைக்கிறவன் வீட்டு மிக்ஸிக்கு வெளியாளைக் கூப்பிட்டால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்பார். அந்த நாலு பேரை நான் இதுவரை பார்த்ததில்லை. நாங்கள் இருக்கும் ஜூஜுவாடியில் லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டுவதே பெரும்பாடு. இதில் என் மிக்ஸியைப் பார்த்துச் சிரிக்க யார் வரப்போகிறார்கள்?

அவர் எதைக் கழற்றி மாட்டினாலும் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். அதை ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிட்டு, "அது எக்ஸ்ட்ரா, பூங்கொடி" என்பார். எந்தக் கம்பெனிக்காரன் நமக்கு எக்ஸ்ட்ராவாக ஸ்க்ரூ கொடுத்து அனுப்புகிறான்?

போன மாதம் கிரைண்டர் ஷாக் அடிக்க ஆரம்பித்தது. ஈரக் கையோடு மாவைத் தள்ளிவிட்டால் சுர்ரென்று முழங்கை வரை ஏறும். உடனே வாசல் பக்கத்து போர்டில் டிரிப் சுவிட்ச் விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். வாடகை வீடு, எர்த் எல்லாம் பேருக்குத்தான். கடையில் கொடுத்துப் பார்க்கலாம் என்றேன்.

"செருப்புப் போட்டுக்கிட்டு ஆட்டு. அது சும்மா லீக்கேஜ்" என்றார்.

எங்கள் சமையலறையில்தான் சாமி படங்கள் இருக்கின்றன. அங்கே செருப்போடு நுழைய அவருக்கே மனசு வராது, எனக்கு மட்டும் யோசனை சொல்கிறார். சொன்னேன். மறுநாள் கம்பெனி பேக்கிங் பெட்டியிலிருந்து பிரித்த ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து கிரைண்டர் முன்னால் போட்டார்.

"இதுமேல நின்னா ஒண்ணும் பண்ணாது."

உண்மைதான், அதன்மேல் நின்றால் எனக்கு ஷாக் அடிக்கவில்லை. ஆனால் கிரைண்டருக்கு அடியில் தரை ஈரமானால் டிரிப் விழுவது மட்டும் நிற்கவில்லை. அவர் கிரிக்கெட் பார்க்கும்போது ரெண்டு தடவை விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கெட் போய்த் திரும்பியபோது, "சரி பண்ணிட்டேன், இனிமே விழாது" என்றார். விழவும் இல்லை. நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

நேற்று சனிக்கிழமை. அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். எங்கள் மகள் அனுப்ரியாவுக்குப் பள்ளி லீவு. ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள், பச்சை மாவை வழித்துத் தின்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. நான் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு ஈரக் காலோடு ஓடிவந்தவள், நான் வேண்டாம் என்பதற்குள் டிரம்முக்குள் கையை விட்டாள்.

அவள் கத்தவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை, கை டிரம்மின் விளிம்பைப் பிடித்தபடி நடுங்குகிறது. நான் எட்டி சுவிட்சை அணைத்தேன். பிடி விட்டுப் பின்னால் போய் விழுந்தாள். அப்புறம்தான் அழுகை வந்தது. அந்த அழுகையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா?

அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்கு ஓடினேன். நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, பயமில்லை, வீட்டில் வைத்துக் கவனியுங்கள் என்றார் டாக்டர். விரல்கள் மட்டும் சிவந்திருந்தன. வீட்டுக்கு வந்து அவளைப் படுக்க வைத்த பிறகு முதல் வேலையாகக் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். அப்புறம் எனக்கு ஒரே கேள்வி. நான் தொட்டபோதெல்லாம் விழுந்த டிரிப், இவளுக்கு ஏன் விழவில்லை?

ஃப்ரிட்ஜ் மேலே பார்த்தேன். புது ஸ்க்ரூ ஒன்று இருந்தது.

போர்டுக்குப் போனேன். மூடியில் நாலு ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. டிரிப் சுவிட்சின் லீவரைக் கீழே இறக்கினேன். வீடு முழுக்கக் கரண்ட் போயிருக்க வேண்டும். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே ஏற்றி, மறுபடி இறக்கினேன். அனு தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் தலைக்கு மேலே ஃபேன் பாட்டுக்குச் சுற்றியது. டிரிப்பை அப்படியே பொம்மை மாதிரி உட்காரவைத்துவிட்டு, ஒயரை நேராகக் கொடுத்திருக்கிறார்.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் அதே மாதிரி ஒரு கம்பெனியில் லைனில் நின்றவள்தான். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சார் அடிக்கடி மக்கர் பண்ணும். லைன் நிற்கக்கூடாது என்று மெயின்டனன்ஸ்காரர்கள் வந்து, சென்சார் இல்லாமலே மெஷின் ஓடுகிற மாதிரி பைபாஸ் போடுவார்கள். போட்டால் மெஷினில் சிவப்பு அட்டை கட்டித் தொங்கவிட வேண்டும். அதைப் பார்த்தால் நாங்கள் கையை உள்ளே விடமாட்டோம்.

அவர் வந்தபோது வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். முகம் வெளிறிப்போய் அனுவிடம் ஓடினார். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்து முடித்தவர் வாயைத் திறந்தார், திறக்காமல் இருந்திருக்கலாம்.

"ஈரக் கையோட கிரைண்டர்கிட்ட ஏன் விட்ட?"



"ஏங்க, கம்பெனில பைபாஸ் போட்டா என்ன கட்டுவீங்க?"

அவர் அனுவின் கையைக் கீழே விட்டார்.

"சிவப்பு அட்டை கட்டுவீங்க இல்ல? முன்னபின்ன தெரியாத ஆபரேட்டருக்கு அட்டை. கட்டுன பொண்டாட்டிக்கும் பெத்த புள்ளைக்கும் ஒரு வார்த்தைகூட கெடையாது. அப்படித்தானே?"

"டெம்பரரியாதான் போட்டேன். மோட்டர கழட்டிப் பாக்கணும்னுதான் இருந்தேன்."

"வாங்க இங்க."

சமையலறைக்கு நடந்தேன், பின்னால் வந்தார். கிரைண்டர் பாதி அரைத்த உளுந்தோடு அப்படியே நின்றது. ஒரு சொம்பு தண்ணீரை எடுத்து அவர் காலடியில் ஊற்றினேன். மீதியை அவர் கையில் ஊற்றினேன்.

"சும்மா லீக்கேஜ்தானே. டிரம்ம புடிங்க. நான் சுவிட்சு போடறேன்."

"பூங்கொடி, வெளையாடாத."

"புடிங்க. அஞ்சு வயசுப் புள்ள புடிச்சா. நீங்க புடிக்க மாட்டீங்களா?"

அவர் டிரம்மைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கை மெதுவாக நீண்டது. கீழே அவருடைய வலது கால் தானாகப் பின்னால் போய், சுவரோரம் கிடந்த பலகையைத் தடவிக் கட்டைவிரலால் முன்னுக்கு இழுத்தது. அவருக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன். நான் பலகையையே பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். காலை எடுத்துக்கொண்டார். நீட்டிய கையும் கீழே இறங்கியது.

"பிளக்க அப்பவே புடுங்கிட்டேன்" என்றேன். "அதக்கூடப் பாக்கல நீங்க."

அவர் சுவரில் சாய்ந்தார். கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை, வரவழைத்துக்கொள்ளவும் முயலவில்லை.

"அந்தப் பலகைல ஒரு ஆள்தாங்க நிக்க முடியும்" என்றேன். "அனு கைய விட்டப்ப அதுமேல நான் நின்னுக்கிட்டிருந்தேன்."

டிரிப்பைத் திரும்ப இணைக்க அவர் மெயினை அணைக்கப் போனார். ஃபேன் நிற்கும் வரை நான் அனு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஃப்ரிட்ஜ் மேலிருந்த ஸ்க்ரூவைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தேன்.