மூணு மாசம்

பாயிலிருந்து எழுந்திருப்பது இஞ்ஞாசியம்மாளுக்கு ஒரு தனி வேலையாகி இரண்டு வருஷம் ஆகிறது. மற்றவர்கள் கண்ணைத் திறந்தால் எழுந்துவிடுகிறார்கள். இவள் முதலில் இடதுபக்கம் ஒருக்களிக்க வேண்டும். பிறகு கையை ஊன்றி உட்கார வேண்டும். இரண்டு முட்டியையும் உள்ளங்கையால் தேய்த்து, அழுகிற பிள்ளையைச் சமாதானம் பண்ணுகிற மாதிரி செத்த நேரம் சமாதானம் பண்ண வேண்டும். அப்புறம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரே எம்பு. முட்டிக்குள்ளே மணலை அரைப்பது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் பக்கத்தில் படுத்திருக்கும் சூசை வாத்தியாருக்குக் கேட்காது. அவர் விடுகிற குறட்டையில் இடி விழுந்தாலும் கேட்காது.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு, மூட்டு தேய்ந்துவிட்டது, இனி வளராது, வலித்தால் ஆஸ்ப்ரோ மாத்திரை போட்டுக்கொள், முட்டியை மடக்காதே, பாரம் தூக்காதே என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மடக்காமல் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று அவர் சொல்லவில்லை. அடுப்பு தரையில் இருக்கிறது, அம்மி தரையில் இருக்கிறது, அரிவாள்மணையும் தரையில்தான். கொல்லைப்புறம் ஒதுங்கினாலும் குந்தத்தான் வேண்டும். அதற்குப் பயந்தே அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து சமைத்தாள். ஆமணக்கு இலையை வாட்டிக் கட்டினாள். முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசை ஊற்றினாள். வாத்தியார் நாலு தோசை தின்றுவிட்டு நன்றாயிருக்கிறது என்றார். முட்டிக்கு ஒன்றும் நன்றாக இல்லை.

பாரம் தூக்காதே என்ற பேச்சை மட்டும் அவள் வீட்டில் எடுக்கவே இல்லை. பாரம் தூக்கக்கூடாதவள் அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள்.

அது அல்போன்சா, வாத்தியாரின் தம்பி மிக்கேல்ராஜின் பெண்டாட்டி. ஒரே வீட்டைக் கதவு வைத்த நடுச்சுவரால் பிரித்து அந்தப் பக்கம் அவர்களும் இந்தப் பக்கம் இவர்களுமாக இருந்தார்கள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் தலைப்பிரசவம் முடிந்து வந்தபோது, அடிவயிறு இறங்கியிருக்கிறது, பாரம் தூக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக அல்போன்சா வந்து சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுத் தண்ணீரும் இஞ்ஞாசியம்மாள் இடுப்பில்தான் வந்தது. திண்டுக்கல்லில் தண்ணீர் என்பது லேசான காரியமா? தெருக்கிணறெல்லாம் உப்பு. நல்ல தண்ணீருக்கு மலைக்கோட்டைக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்துக் கிணற்றுக்குப் போக வேண்டும். காலையில் நாலு குடம், சாயங்காலம் நாலு குடம். கிணற்றுமேட்டில் குடத்தை வைத்து அப்படியே இடுப்புக்கு எடுத்துக்கொள்வாள், குனிய வேண்டியதில்லை. நிமிர்ந்து நடப்பதை அந்த முட்டிகள் எப்படியோ பொறுத்துக்கொண்டன. மடங்கிவிட்டு மறுபடி நிமிர்வதுதான் முடியவில்லை.

இது வெளியே தெரிந்தது ஜனவரியில் வருகிற மூன்று ராஜாக்கள் திருநாள் பூசையில். நன்மை என்கிற திருவப்பத்தை வாங்கப் போய், பீடத்தை அடைத்திருக்கும் கிராதிக்கு முன்னால் மண்டியிட்டாள். சாமியார் வந்து அப்பத்தை நாக்கில் வைத்துவிட்டுப் போனார். அவளோடு மண்டியிட்டவர்கள் எழுந்து போனார்கள். அடுத்த வரிசை வந்து பின்னால் நின்றது. இவளால் எழுந்திருக்க முடியவில்லை. கிராதியைப் பிடித்து எம்பினாள், முட்டி மறுத்துவிட்டது. சாமியார் சுற்றிவந்து மறுபடியும் இவள் முன்னால் நின்று விழித்தார். கடைசியில் இரண்டு குமரிப்பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துத் தூக்கினார்கள். முந்தானை சரிந்தது. பாட்டுக்காரர்கள் பக்கத்திலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோயிலில் ஒருதரம் சிரித்தால் சுவரில் பட்டு நாலுதரம் கேட்கும்.

அதோடு சரி. அடுத்த ஞாயிறிலிருந்து அவள் கைப்பிள்ளைக்காரிகளோடு கோயில் தாழ்வாரத்தில் நின்றுகொண்டாள். அங்கே யார் மண்டி போட்டார்கள், யார் போடவில்லை என்று எவரும் பார்ப்பதில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்கும் மண்டியிடத்தான் வேண்டும் என்பதால் அதையும் விட்டாள். சாமியாரிடம் சொல்லியிருந்தால் நின்றபடியே வாங்கிக்கொள் என்றிருப்பார்தான். ஆனால் நின்றபடி வாங்குகிறவள் என்று ஊர் ஒருதரம் பார்த்துவிட்டால் சாகிறவரை அவள் முடியாதவள்தான். வீம்புதான், வேறென்ன. போதாததற்கு, நன்மை வாங்குகிறவர்கள் நடுராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர்கூட நாக்கில் படாமல் வர வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். காலையில் அவளை நடமாட வைக்கிற அந்த ஒரு ஆஸ்ப்ரோவும் போட முடியாது.

நன்மை வாங்காதவள் மேல் ஊருக்கு இரண்டு சந்தேகம்தான் வரும். ஒன்று, நரகத்துக்கே கொண்டுபோகிற சாவான பாவம். அடுப்புக்கும் கிணற்றுக்கும் நடுவே தேய்ந்துபோன ஐம்பத்திரண்டு வயதுக்காரி சாவான பாவம் பண்ண ஏது நேரம்? ஆகவே இரண்டாவதுதான்: யார் மேலேயோ தீராத பகை. பகையை மனசில் வைத்துக்கொண்டு நன்மை வாங்கக்கூடாது என்று ஞானோபதேசம் படித்த எல்லாருக்கும் தெரியும். எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து, ஆறு வருஷத்துக்கு முந்திக் கோழி விஷயமாகப் பேசியதை மறந்துவிடு அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கோழி என்றே இஞ்ஞாசியம்மாளுக்கு ஞாபகம் வரவில்லை.

ஈஸ்டராகிய பாஸ்குத் திருநாள் வந்தது, போனது. ஒரு புதன்கிழமை வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"மனசுல என்னத்த வெச்சிருக்க? சொல்லித் தொலையேன். சாமியாரு இன்னைக்கு என்னையக் கூப்பிட்டுக் கேட்டுட்டாரு. பாஸ்கு காலம் முடிய இந்த ஒரு ஞாயிறுதான் பாக்கி, உங்க வீட்டம்மா இன்னும் நன்மை வாங்கலையேங்கிறாரு. வருஷத்துல ஒருதரம் பாஸ்கு காலத்துல வாங்குறதுதான கட்டளை? அத வாங்காதவ வீட்டுக்காரன் பிள்ளைகளுக்கு எப்படி ஞானோபதேசம் சொல்லிக் குடுப்பான்? வகுப்ப வேற வாத்தியார்கிட்ட குடுத்துருவாக. எம் மூஞ்சிய எங்கிட்டுக் கொண்டுபோயி வெச்சுக்கிறது?"

"முட்டி வலிங்க. மண்டி போட்டா எந்திரிக்க முடியல."

"எட்டுக் கொடம் தண்ணி சொமக்குறவளுக்குக் கோயில்ல மண்டி போட முடியலயாக்கும்?"

"சொமக்குறது வேற, மண்டி போடுறது வேற."

"எனக்கே பாடம் எடுக்காத" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. தண்ணீர்க் குடத்தோடு அவளைத் தினமும் பார்க்கிற யார்தான் நம்புவார்கள்? வலியை வெளியே எடுத்துக் காட்ட முடிந்தால் காட்டியிருப்பாள். அவளுக்கு அலுத்துப்போயிற்று. வலிப்பது போதாதென்று வலிக்கிறது என்று நிரூபிக்கவும் வேண்டியிருக்கிறதே என்று அலுத்துப்போயிற்று.

மறுநாள் மத்தியானம் அல்போன்சா வந்தாள். மடியில் ஆயக்குடிக் கொய்யா ஏழெட்டு கட்டியிருந்தாள். டின் மேல் உட்கார்ந்திருந்த இஞ்ஞாசியம்மாளுக்கு முன்னால் பொசுக்கென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த உட்காரலைப் பார்க்கவே இவளுக்கு ஏக்கமாயிருந்தது.

"அக்கா, உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரியும். என்னாலதான நீ நன்மை வாங்காம இருக்க? அந்தப் பாவமும் எனக்கு வேணாம்க்கா. மன்னிச்சிரு."

"என்னத்தடி தெரிஞ்சுபோச்சு?"

"எனக்குப் பிரசவம் பாத்த அந்த நர்சம்மா சொல்லியிருப்பாக. ஆஸ்பத்திரிக்குப் போனேல்ல நீயி." அல்போன்சா மூக்கைச் சிந்தினாள். "பாரம் தூக்கக்கூடாதுன்னு அவுக சொன்னது நெசந்தான்க்கா. மூணு மாசத்துக்குத் தூக்கக்கூடாதுன்னாக. நான் வீட்டுல வந்து அந்த மூணு மாசத்த விட்டுட்டுச் சொல்லிட்டேன்."

இஞ்ஞாசியம்மாள் டின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நாலாம் மாசம் சொல்லிரலாம்னுதான்க்கா இருந்தேன். நீ பாட்டுக்குத் தண்ணியக் கொண்டாந்து ஊத்திட்டுப் போன. அப்புறம் சொல்ல வெக்கமாயிருந்துச்சு. வருசமாக ஆக, வாயே தொறக்க முடியல."

இவளுக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அந்த நர்சம்மா வேலையை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிறது. கேட்காமலே ஒரு உண்மை மடியில் வந்து விழுந்துவிட்டது. இஞ்ஞாசியம்மாள் தன் முட்டிகளைப் பார்த்தாள். புடவைக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது. மூணு மாசம். இரண்டே வார்த்தை. அதை முழுங்கியவள் கொழுகொழுவென்று தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"கொய்யாவ எடுத்துட்டுப் போ."

"அக்கா..."

"போங்கிறேன்ல."

வெள்ளிக்கிழமை காலையில் அவள் குடத்தைத் தொடவில்லை. அல்போன்சாவே வந்து இரண்டு வீட்டுக் குடங்களையும் எடுத்துக்கொண்டு போனாள். அல்போன்சா தண்ணீர் சுமக்கிற அதிசயத்தைத் தெருவே வாசலில் நின்று பார்த்தது. இஞ்ஞாசியம்மாள் டின் மேல் உட்கார்ந்து அழுதாள். வலிக்காக அவள் அழுததே கிடையாது. இப்போது அழுதது வீணாய்ப் போன நடைக்காக. இதுநாள்வரை பகை எதுவும் இல்லாமலே நன்மை வாங்காமல் இருந்தாள். இப்போது முட்டியோடு பகையும் சேர்ந்துகொண்டது. பாக்கி இருப்பது ஒரே ஞாயிறு. வாத்தியார் ஞானோபதேசப் புத்தகத்தைப் பையில் வைக்கும்போது கை தயங்குவதை அவள் காலையில் பார்த்திருந்தாள். முப்பது வருஷமாக அவர் ஆசையாகச் செய்துவருகிற வேலை அது.

சனிக்கிழமை சாயங்காலம் அவளே போய் நடுச்சுவர்க் கதவைத் தட்டினாள்.

"கெளம்பு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகணும். நான் மண்டி போடுவேன். நீதான் தூக்கிவிடணும்."

வேறு யாரிடம் கேட்டாலும் கூச்சமாயிருந்திருக்கும். அல்போன்சாவிடம் கூச்சப்பட இனி என்ன இருக்கிறது? அவள் உடனே கிளம்பிக் கூடவே வந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சாமியார் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "மன்னிச்சுட்டியாம்மா?"

"மன்னிக்கத்தான் பாக்குறேன் சாமி. முட்டிய மடக்கும்போதெல்லாம் விட்டுப்போகுது."

மடக்கும்போதெல்லாம் மறுபடியும் முயற்சி பண்ணு என்றார் சாமியார். அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிப் பூசை. நாக்கு வறண்டிருந்தது, மாத்திரை இல்லை. வீட்டிலிருந்து கோயில்வரை ஒவ்வொரு அடியும் எண்ணி வைத்தாள். தாழ்வாரத்தில் நிற்காமல் உள்ளே போனபோது தலைகள் திரும்பின. ஆண்கள் பக்கத்திலிருந்து வாத்தியார் பார்த்துக்கொண்டேயிருந்தார். மணி அடித்தது. கிராதியின் வெள்ளைத் துணிக்கு முன்னால் அல்போன்சாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முட்டி கல்தரையில் பட்டபோது கண் இருட்டியது. சாமியார் வந்தார். நாக்கை நீட்டினாள். நாலு மாசத்துக்குப் பிறகு அந்த மெல்லிய அப்பம் வந்து ஒட்டிக்கொண்டது. சாமியார் நகர்ந்து போனார்.

வரிசை எழுந்தது. அல்போன்சாவும் எழுந்து, தன் வலது கையை இவள் அக்குளுக்கடியில் கொடுத்தாள். இஞ்ஞாசியம்மாள் பல்லைக் கடிக்கப்போய், வாயில் அப்பம் இருப்பது ஞாபகம் வந்து கடிக்காமல் விட்டாள்.

ஒரே தூக்கு. நிறைகுடத்தை இடுப்புக்கு எடுக்கிற மாதிரிதான். இவள் எம்ப வேண்டியிருக்கவே இல்லை. அல்போன்சாவுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. என்ன கை அது! உலக்கை மாதிரி உறுதியான, தேயாத, வலிக்காத கை. இத்தனை பலமும் பதினாலு வருஷமாக நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் சும்மா இருந்திருக்கிறது. கேட்டபோது தெரிந்ததைவிட, அந்தக் கை தன்னைத் தூக்கியபோதுதான் இஞ்ஞாசியம்மாளுக்கு முழுசாகத் தெரிந்தது. வாயைத் திறக்க முடியாது, திட்ட முடியாது, ஆண்டவர் நாக்கில் கரைந்துகொண்டிருக்கிறார். கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது. என்ன பக்தி என்று பெண்கள் பக்கத்தில் குசுகுசுத்தார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அல்போன்சா மெதுவாகக் கேட்டாள்: "மன்னிச்சுட்டியாக்கா?"

இஞ்ஞாசியம்மாள் கோயில் படியில் நின்று, எந்தக் காலை முதலில் இறக்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அல்போன்சா தோளைக் காட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டியிருந்தது.

"காலையில அஞ்சரைக்கு வா. பாயிலருந்து என்னைய நீதான் தூக்கிவிடணும். தெனம் வா. தெனம் கேளு. என்னைக்கு மன்னிக்கிறேனோ அன்னைக்குச் சொல்றேன்."

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கெல்லாம் விழிப்பு வந்துவிட்டது. பழக்கத்தில் இடதுபக்கம் ஒருக்களித்து, கையை ஊன்றப் போனவள் நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் வாத்தியார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முட்டி இரண்டும் வலித்துக்கொண்டுதான் கிடந்தன. செத்த நேரத்தில் நடுச்சுவர்க் கதவு தட்டப்பட்டது.

இஞ்ஞாசியம்மாள் படுத்தபடியே, "தெறந்துதான் கெடக்கு" என்றாள்.