மூன்றாவது வரிசைப் பேட்டரி

கொளஞ்சியப்பனைக் குளிப்பாட்ட வழியில்லை. ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்த துணியைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் மனைவியின் தம்பி உத்திராபதி ஈரத்துண்டால் முகத்தை மட்டும் துடைத்தான். காதோரம் எண்ணெய் கறுப்பாகப் படிந்திருந்தது. துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

சிதம்பரம் ரோட்டிலிருந்த அந்தக் கம்பெனியில்தான் இருவருக்கும் வேலை. வளைந்த கண்ணாடிகள் வரிசை வரிசையாக நின்று வெயிலை ஒரு குழாயின் மேல் குவிக்கும். குழாயில் ஓடும் எண்ணெயின் சூட்டில் தண்ணீர் ஆவியாகி, அந்த ஆவியில் கரண்ட். சூரியனையே பிடித்துவிட்டதாகப் பீற்றிக்கொண்டார்கள். ஆனால் எண்ணெயை ஓட்டும் பம்புக்கு வெளிக் கரண்ட்தான் வேண்டும், என்ன கொடுமையோ! அது போன நிமிஷமே கண்ணாடிகளை வெயிலிலிருந்து திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓடாமல் நின்ற எண்ணெய் கொதித்துக் குழாய் வெடிக்கும். அதற்கென்று வரிசைக்கு ஒரு பேட்டரி.

ராத்திரி கரண்ட் இல்லாதபோது ஃபேன் ஓட்ட, மூன்றாவது வரிசைப் பேட்டரியை உத்திராபதி சாயங்காலம் அக்கா வீட்டுக்குக் கொண்டுவருவான். "கழிச்சுப் போட்டது மாமா, காலையில கம்பெனில சார்ஜ் ஏத்திக்கிறேன்" என்று கொளஞ்சியப்பனிடம் புளுகியிருந்தான். கம்பெனியில் தினமும் கரண்ட் போவது பகல் பன்னிரண்டுக்கு. பதினொன்றுக்குள் திரும்ப வைத்தால் போதும். நேற்று ஒன்றாம் தேதியிலிருந்து அது பத்து மணியாக மாறியதை அந்த மடையன் கவனிக்கவில்லை. அன்று காலை குழந்தைக்குக் காய்ச்சல். கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்றாள் அக்கா ஞானாம்பாள்.

பத்து மணிக்குக் கொளஞ்சியப்பன் சுவிட்சை அமுக்கியிருக்கிறார். கண்ணாடி திரும்பவில்லை. கையால் சுற்ற ஓடியவர் மேல் குழாய் வெடித்தது.

இன்ஜினியர் சாய்நாத் மாலையோடு வந்தார். அப்போதும் கரண்ட் இல்லை. மூலையில் குழந்தைக்குப் பக்கத்தில் சின்ன ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரியில் எழுதியிருந்த நம்பரைக் குனிந்து பார்த்தார்.

"நம்ம பேட்டரியாச்சே! அடப்பாவி, இவரே எடுத்துட்டு வந்து..."



"அவுரு ஒரு திருகாணிகூட எடுத்ததில்ல சார்" என்றாள் ஞானாம்பாள். "இது தூக்கிப்போட்டது. எந்தம்பி கொண்டாந்தான். சொல்லுடா."

பேசாமல் இருந்தால் மாமா திருடனாகச் சுடுகாட்டுக்குப் போவார். பேசினால் அக்கா தாங்க மாட்டாள். உத்திராபதி ஈரத்துண்டைக் கீழே வைத்தான்.

"நாந்தான் எடுத்தேன் சார். மாமாவுக்குத் தெரியாது."

"தூக்கிப்போட்டதுதானடா?"

"இல்லக்கா."

"இது இல்லாமதான் அங்க கண்ணாடி..."

"ஆமாக்கா."

அவள் அவனை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"நாந்தான கொஞ்ச நேரம் இருக்கட்டும்னேன்" என்றாள்.

எழுந்து போய்ப் பேட்டரியிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். ஃபேன் நின்றது. குழந்தை புரண்டு சிணுங்கியது, நெற்றியில் வியர்த்தது. யாரும் அசையவில்லை. ஒயரைக் கையில் பிடித்தபடி அவள் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை வீறிட்டு அழுதது.

ஞானாம்பாள் குனிந்து ஒயரை மறுபடி மாட்டினாள்.