டாக்டர் பெல்லமியின் மணற்கடிகாரம்

எங்கள் பாதிரியார் டாக்டர் அம்புரோஸ் பெல்லமி மேடையில் நின்று பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்வரை, அவர் கோயிலைச் சேர்ந்த எங்கள் பங்கின் தெருக்களில் ஒருவரும் சாவதில்லை. இதை முதலில் கண்டுகொண்டவர் மணியடிக்கும் ஹம்ஃப்ரி. எங்கள் லண்டனில் ஒருவருக்கு உயிர் பிரியப் போகும் நேரம் கோயில் மணி அடிப்பார்கள், கேட்டவர்கள் ஜெபிப்பார்கள். டாக்டர் பேசும்போது மட்டும் ஹம்ஃப்ரிக்கு வேலை வந்ததே இல்லை. விஷயம் பரவியதும் பக்கத்துப் பங்குக்காரர்கள் இழுத்துக்கொண்டு கிடந்தவர்களைத் தள்ளுவண்டியில் வைத்து எங்கள் எல்லைக்குள் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் நடக்க இடமிருக்காது. மேடையிலிருக்கும் கடிகாரத்தில் மணல் தீர்ந்தால் பிரசங்கம் முடிய வேண்டும். டாக்டர் அதைத் திருப்பி வைப்பார், வண்டிக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள்.

இளவயதில் அவர் காதல் கவிதை எழுதியவர். தாம்சினைப் பார்க்க அவள் அப்பாவின் தோட்டத்துச் சுவர் ஏறிக் குதித்துக் காலை உடைத்துக்கொண்டு, அவளையே கட்டிக்கொண்டவர். வேதம் படித்து டாக்டர் பட்டம் வாங்கிப் பாதிரி அங்கி போட்ட பிறகு அந்தக் கவிதைகளைப் பற்றி யார் கேட்டாலும் முகம் சிவந்துவிடும்.

தாம்சினுக்குப் பிள்ளை செத்துப் பிறந்து ஜன்னி கண்டது. மருத்துவச்சி கைவிரித்ததும் டாக்டர் நேராக மேடை ஏறிவிட்டார். அன்று ஞாயிறுகூட இல்லை. மணலைத் திருப்பித் திருப்பிப் பேசினார். பொழுது சாய்ந்தது, விடிந்தது. வேதவசனம் தீர்ந்ததும் பழைய கவிதைகளில் இறங்கினார். தாம்சினின் முழங்காலும், தூக்கத்தில் திறந்திருக்கும் அவள் வாயும் மேடைக்கு வந்துவிட்டன.

கோயில் நிர்வாகி எழுந்தார். "இது பிரசங்கமாய்யா? கர்மம்!"

"உக்காருங்க," என்றாள் விலாங்கு மீன் விற்கும் மார்ஜரி. "உங்க வாயில ஒரு நாளாவது உங்க வீட்டம்மா பேரு வந்திருக்கா?"

பிறகு அவளே தாம்சினைப் பார்த்துவரப் போனாள். திரும்பி வந்து மேடையடியில் நின்றாள். "ஐயா, அம்மாவால இருக்கவும் முடியல, போகவும் முடியல. வலி தாங்கல. 'ஊருக்கெல்லாம் சொன்னது போதும், எங்கிட்ட வந்து சொல்லட்டும்'னாங்க."

டாக்டர் வாக்கியத்தின் நடுவிலேயே இறங்கினார். சுவரேறிக் குதித்த காலை இழுத்துக்கொண்டு ஓடினார். பாவம், அந்த ஓட்டத்தைப் பார்க்க எங்களுக்குத் தாங்கவில்லை. அவள் காதோடு என்ன சொன்னாரோ, வெகுநேரம் கழித்துத்தான் மணி அடித்தது. ஜெபித்துவிட்டு நிமிர்ந்தபோது கடிகாரத்தில் மணல் பாதியில் நின்றிருந்தது.

அதன்பிறகு அவர் பேசும்போதும் எங்கள் பங்கில் ஆட்கள் சாகிறார்கள். மணி கேட்டதும் டாக்டர் இறங்கி அந்த வீட்டுக்குப் போய், கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருப்பார். அவர் திரும்பும்வரை மணல் விழாது. நாங்கள் கொண்டுவந்த ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் அதற்குள் சாப்பிட்டுவிடுவோம்.