சாலையிலிருந்து தெரிந்த வீடு

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு முன்வராந்தாவில் காலை வெயில் தாராளமாக விழும். அந்த வெயில்தான் எனக்கு மருந்து. காசநோயோடு சானடோரியத்தில் ஒன்றரை வருஷம் படுத்துக் கிடந்து, சளியில் கிருமி இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் நான். “காற்றும் வெயிலும் வேண்டும். அறைக்குள் அடைந்து கிடந்தால் திரும்ப இங்கேதான் வருவாய்” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் வராந்தாவில் ஒரு ஈஸிசேர், ஒரு போர்வை, பக்கத்து ஸ்டூலில் மூடி போட்ட எச்சில் குவளை, நான். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. பெயர் தபீதாள்.

என் தங்கை ஹில்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு முன் வந்த இரண்டு வரன்கள் என் இருமல் சத்தம் கேட்டே ஓடிப்போயின. ஆகவே வேலூரிலிருந்து காலேஜ் லெக்சரர் எட்மண்டின் வரன் வந்து, ஜாதகம் பார்க்காத எங்களுக்கும் எல்லாப் பொருத்தமும் கூடிவந்தபோது, அப்பா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். மூத்த மகள் நாக்பூரில் மிஷன் பள்ளிக்கூட டீச்சர் என்று சொல்லிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்வானேன்? நாக்பூரைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். ஆரஞ்சுப்பழம் கிடைக்கிற ஊரில் இருப்பதாகச் சொன்னால் கேட்கவாவது நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

நிச்சயமான அடுத்த வாரம்தான் அந்தப் போட்டோக்காரன் வந்தான். எதிர்சாரியில் நின்று எங்கள் வீட்டை முன்னாலும் பின்னாலும் நகர்ந்து நகர்ந்து பார்த்தான். வாசல் வளைவில் காகிதப்பூக் கொடி பூத்துக் குலுங்கிய சமயம். கேமராவைக் கண்ணில் வைத்தான். நான் போர்வையை முகத்துக்கு இழுப்பதற்குள் எடுத்து முடித்துவிட்டான்.

அவன் பாட்டுக்குப் போயிருப்பான். எந்த ஊர், யார் வீடு என்றுகூடத் தெரியாமல் போயிருப்பான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது எங்கள் அப்பா.

“மாப்பிள்ளை வீட்டார் ஆள் வைத்து வேவு பார்க்கிறார்கள்” என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கைத்தடியோடு சாலைக்கு ஓடினார்.

“யாரைக் கேட்டு எடுத்தே? ஃபிலிமை வெளியே எடு!”

“ரோட்டுலதானே சார் நிக்கிறேன்? உங்க காம்பவுண்டுக்குள்ள கால் வெச்சேனா? தோட்டங்களைப் பத்தி பத்திரிகையில ஒரு கட்டுரை வருது, அதுக்காக எடுத்தேன்.”

“என் வீடுய்யா இது!”

“வீடு உங்களோடது சார். ரோடு எல்லாருக்கும் பொது. ரோட்டுல போறவன் பார்க்கிறதைத்தான் நானும் பார்த்தேன்.”

அப்பாவுக்கு எதிர்த்துப் பேசினால் பிடிக்காது. முப்பது வருஷம் வகுப்பில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. “நான் யார் தெரியுமா? வேதசிரோமணி, பி.ஏ., எல்.டி. ரிடையர்டு ஹெட்மாஸ்டர்!” என்று தெருவே கேட்கக் கத்தினார். எங்கள் ஜனங்களுக்கு இது ஒரு வியாதி. செத்தாலும் கல்லறையில் பட்டத்தை வெட்டிவிட்டுத்தான் படுப்பார்கள்.

அந்தப் பையன் மரியாதையாகச் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தான். “இனிஷியல் என்ன சார்?”

“ஜே” என்றார் அப்பா.

அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்குப் போய் ஹெட்கான்ஸ்டபிள் பொன்னுரங்கத்தைக் கையோடு அழைத்து வந்தார். போட்டோக்காரன் ரயிலேறிப் போய்விட்டிருந்தான். பொன்னுரங்கம் தொப்பியைக் கழற்றி, காகிதப்பூவை ஒரு தடவை ரசித்துப் பார்த்தார்.

“கோச்சுக்காதீங்க சார். உள்ள பூந்து எடுத்திருந்தா இழுத்துக்கினு போய் ஒக்கார வெச்சிருப்பேன். ரோட்ல போறவன் கண்ணை மூடிக்கினு போவணும்னு எந்தச் சட்டத்துல கீது? வாணான்னா ஒரு தட்டி கட்டிக்குங்க. பேஜாரே இல்ல.”

சட்டத்தைப் பற்றி மூன்று பேரும் அன்றைக்கு நிறையப் பேசினார்கள். வீடு யாருடையது, சாலை யாருடையது, படம் யாருடையது என்று. படத்தில் இருந்தவளை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபம் போட்டோக்காரன் மேலா அப்பா மேலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாளே வராந்தாவைச் சுற்றித் தென்னங்கீற்றுத் தட்டி ஏறியது. வெயில் நின்றது. போதாததற்கு என்னைப் பின்கட்டில் அரிசி மூட்டை வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த ஒரே ஜன்னல் கிணற்றுச் சுவரைப் பார்த்து இருந்தது. கொஞ்ச நாளில் சாயங்காலக் காய்ச்சல் திரும்ப வந்தது, நின்றுபோயிருந்த இருமலும் வந்தது. அப்பாவிடம் சொன்னேன்.

“கல்யாணம் முடியட்டும்மா. தட்டியைப் பிரிச்சுடலாம்” என்றார். ஹில்டாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு இருபத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. சரி என்று படுத்துக்கொண்டேன்.

சபையில் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். எங்கள் வழக்கப்படி மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். தடை சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம். நான் நாக்பூரில் இல்லை என்பது அந்தக் கோயிலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று பயந்துகொண்டிருந்தோம். ஆனால் முதல் இரண்டு ஞாயிறும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அதற்காக அவர்களுக்கு என் நன்றி என்றைக்கும் உண்டு.

மூன்றாவது ஓலைக்கு முன்னால் பத்திரிகை வந்துவிட்டது. ஹில்டாதான் வாங்கி வந்தாள். முழுப் பக்கப் படம். காகிதப்பூ வளைவு, அதற்குள் வராந்தா, ஈஸிசேரில் நான். குவளையும் தெளிவாக விழுந்திருந்தது. கீழே: “பூக்களின் நடுவே ஓய்வு. தாம்பரம் திரு. ஜே. வேதசிரோமணி, பி.ஏ., எல்.டி. அவர்களின் இல்லம்.”

வெட்கமில்லாமல் சொல்கிறேன், படத்தில் நான் அழகாக இருந்தேன். நோய் வந்த பிறகு என்னை யாரும் படம் எடுத்ததில்லை. அதைக் கிழிக்காதே என்று ஹில்டாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அடுப்பில் போட்டுவிட்டாள்.

அடுப்பில் போட்டால் வேலூரில் இருக்கிற பிரதி எரியுமா? சனிக்கிழமை எட்மண்டும் அவன் அம்மா சரோஜினி அம்மாளும் சொல்லாமல் வந்து இறங்கினார்கள். கையில் பத்திரிகை. நான் பின்கட்டில் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னறைப் பேச்சு முழுக்கக் கேட்டது.

“சார், பேரு உங்க பேருதான். வீடும் இந்த வீடுதான்” என்றாள் சரோஜினி அம்மாள். “இந்தப் பொண்ணு யாரு? பக்கத்துல இருக்கிற மூடி போட்ட குவளை எதுக்குன்னு எனக்கும் தெரியும்.”

அப்பா நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம்தான் கேட்டது. முப்பது வருஷம் பேசிப் பிழைத்த மனுஷர். அப்போது ஹில்டாவின் குரல் கேட்டது.

“வேலைக்காரி, அத்தை. சொந்தக்காரங்க யாருமில்லை. சீக்கா இருக்காளேன்னு அப்பா இரக்கப்பட்டு வெச்சிருக்காரு.”

என் ஹில்டா. அம்மா போன பிறகு நான் தலைபின்னி வளர்த்த பெண்.

“கூப்பிடு, பார்க்கலாம்” என்றாள் அந்த அம்மாள்.

யாரும் கூப்பிடவில்லை. நானே போனேன். ஹில்டாவின் வாழ்க்கை அந்த நிமிஷத்தில் என் காலில் நின்றது, எப்படிப் போகாமல் இருப்பேன்? புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவுக்கு அந்தப் பக்கமே நின்றேன்.

“உன் பேரு இன்னா?”

“கிளியம்மாளுங்க.” அதுதான் வாயில் வந்தது, எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவளின் பெயர்.

எட்மண்ட் என்னையும் ஹில்டாவையும் மாறி மாறிப் பார்த்தான். மூக்கு ஒரே மூக்கு. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டான். நல்ல பையன், காட்டிக்கொடுக்கவில்லை.

சரோஜினி அம்மாள் பெருமூச்சு விட்டாள். “இரக்கம் வேணாங்கல சார். ஆனா நாளைக்கு என் பேரப்பிள்ளைங்க வந்து போற வீடு. கல்யாணத்துக்கு முன்னாடி இவளை எங்கேயாவது அனுப்பிடுங்க. அப்போ எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.”

“சரிம்மா. அனுப்பிடறேன்” என்றார் அப்பா.

அன்றைக்கு அந்த அறையில் சொல்லப்பட்ட பொய்களில் இதுவும் ஒன்று என்றே எண்ணினேன். அவர்கள் போனதும் ஹில்டா என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். “போடி, அசடு. மாப்பிள்ளை தங்கமானவன்” என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். நிஜமாகவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணம் நிலைத்துவிட்டது, தட்டியைப் பிரித்துவிடுவார்கள், நான் வெயிலுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

அறைக்குத் திரும்பினால், அப்பா என் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்து என் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் செங்கல் சூளையில் ஒரு கொட்டகை காலியாக இருக்கிறதாம்.

“அப்பா” என்றேன். “நான் தபீதாள்ப்பா.”

“தெரியும்மா” என்றார். நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த புடவையை எடுத்தார்.